அந்த 0.1 சதவீதம் யாரு? சானிடைசர் ஜோக்குகளை வைத்து ஒரு எளிய பாடம்

"பாட்டில்ல 99.9 சதவீதக் கிருமியைக் கொல்லும்னு போட்டிருக்கே, மிச்சம் 0.1 சதவீதம் யாருப்பா?"

"அதாண்ணே கொரோனா!"

2020 ஊரடங்கில் சென்னையில் ஒரு வாட்ஸாப் குழுவிலாவது இருந்தவர்களுக்கு இந்த ஜோக் ஏதாவது ஒரு வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கும். இருமலோடு தொடங்கும் காலர் டியூனைப் பற்றி ஒன்று. கை கழுவிக் கழுவி ரேகை அழிந்துபோய் ஜோசியர் திருதிருவென்று முழிப்பதைப் பற்றி ஒன்று. டாஸ்மாக் மூடிய துக்கத்தில் சானிடைசர் பாட்டிலை மூக்கருகே வைத்துக் கண்மூடி நிற்கும் மாமாவைப் பற்றி ஒன்று. பெரும்பாலானவற்றில் வடிவேலு படம் ஒட்டியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து ஊரே பயந்துகொண்டிருந்தபோது, கையில் பிடித்துக் கேலி செய்ய ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. சானிடைசர் பாட்டில் மாட்டிக்கொண்டது. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சிரித்து முடித்த பிறகும், அந்த ஜோக்குகளுக்கு அடியில் கிடந்த அரைகுறை நம்பிக்கைகள் நம்மோடு தங்கிவிட்டன. சானிடைசர் ஆசிட் மாதிரி, பட்டால் எல்லாம் செத்துவிடும் என்பது ஒரு கட்சி. தண்ணீரில் சென்ட் கலந்து விற்கும் வியாபாரம் என்பது எதிர்க்கட்சி. ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் இருந்ததுண்டு.

இரண்டுமே சரியில்லை. சானிடைசர் ஒரு குறிப்பிட்ட வேலையை மிக நன்றாகச் செய்யும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவை நிறைவேறாவிட்டால் அது கையில் தடவிய வாசனை, அவ்வளவுதான். அந்த நிபந்தனைகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்பதற்கு ஜோக்குகளையே பிடித்துக்கொண்டு போகலாம்.

போலீஸ்காரர் தலையில் இருந்த பாடம்

2020 மார்ச் கடைசியில் வில்லிவாக்கம் பக்கம் வண்டியில் போனவர்களை ஒரு இன்ஸ்பெக்டர் விசித்திரமான ஹெல்மெட்டோடு மறித்தார். சுற்றிலும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் கொரோனா வைரஸ் உருவம் அது. சென்னை ஓவியர் ஒருவர் செய்து கொடுத்தது. படம் வெளிநாட்டுச் செய்திகள்வரை போனது. வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த ஹெல்மெட் ஒரு பாடப் படத்துக்குச் சமானம்.

ஹெல்மெட்டின் உருண்டை வடிவம்தான் வைரஸின் உடல். உள்ளே, தன்னைப் போலவே இன்னொன்றை எப்படிச் செய்வது என்ற குறிப்பு ஒரு நீண்ட இழையாகச் சுருண்டு கிடக்கும், அது மரபுப்பொருள். உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் போர்த்தியிருக்கும். அதற்கு மேலுறை என்று பெயர். மேலுறையில் குத்தி நிற்கும் முட்கள் புரதத்தால் ஆனவை. நம் தொண்டையிலோ நுரையீரலிலோ இருக்கும் செல்லில் அந்த முள் சரியாகப் பொருந்தினால்தான் வைரஸ் உள்ளே நுழைய முடியும். மொத்த உருண்டையும் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அளவு இருக்கும்.

எல்லா வைரஸுக்கும் இந்த மேலுறை கிடையாது. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வையுங்கள். முதல் ஜோக்கின் விடை இதில்தான் இருக்கிறது.

முட்டையை அடுப்பில்லாமல் வேகவைப்பது

முட்டையை உடைத்துத் தோசைக்கல்லில் ஊற்றினால் கண்ணாடி மாதிரி இருந்த வெள்ளைக்கரு நொடியில் வெள்ளையாக இறுகிவிடுகிறது. ஆறவைத்தாலும் அது பழையபடி ஆகாது. என்ன நடக்கிறது? வெள்ளைக்கரு பெரும்பாலும் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு புரதம். புரதம் என்பது நீண்ட நூல். அது குறிப்பிட்ட விதமாக மடிந்து மடிந்து ஒரு உருவத்துக்கு வந்திருக்கும். அந்த மடிப்பு இருக்கும்வரைதான் அது தன் வேலையைச் செய்யும். சூடு பட்டதும் மடிப்புகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த நூல்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகுகின்றன. இதைப் புரதத்தின் இயல்பு திரிதல் என்று சொல்கிறார்கள்.

இதற்கு நெருப்பே வேண்டும் என்பதில்லை. பச்சை வெள்ளைக்கருவின்மேல் கடுமையான ஆல்கஹாலை ஊற்றினால், கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரளத் தொடங்கும். அடுப்பு இல்லாத ஆம்லெட். சாப்பிட உகந்ததல்ல, பார்க்க உகந்தது. பெரும்பாலான சானிடைசர்களில் முக்கியப் பொருள் ஆல்கஹால்தான்; உங்கள் உள்ளங்கையில் அது செய்வதும் இதுதான். வைரஸின் முட்கள் புரதம்; ஆல்கஹால் பட்டதும் அவற்றின் மடிப்பு கலைகிறது. மடிப்பு கலைந்த முள் எந்த செல்லிலும் பொருந்தாது. அதே நேரத்தில் கொழுப்பாலான மேலுறையையும் ஆல்கஹால் கரைத்து ஓட்டை போடுகிறது. ஒரே பொருள், இரண்டு பக்கத் தாக்குதல்.

இங்கே ஒரு கேள்வி இயல்பாக எழும். அப்படியானால் நூறு சதவீத ஆல்கஹால் இன்னும் நல்லதுதானே? இல்லை. புரதத்தின் மடிப்பை அவிழ்க்க ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை வேண்டும். முட்டையின் வெள்ளைக்கருவில் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது, காய்ந்த கையில் இல்லை. அதோடு, சுத்தமான ஆல்கஹால் கையில் பட்ட வேகத்தில் ஆவியாகிவிடும்; வேலை செய்ய நேரமே இருக்காது. ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் தொட்டுத் தடவும் ஸ்பிரிட்டிலும் ஏறக்குறைய 70 சதவீதம்தான் ஆல்கஹால். அது சிக்கனம் பார்த்துக் கலந்த தண்ணீர் அல்ல.

பாட்டிலில் எவ்வளவு பங்கு ஆல்கஹால் என்பதற்குச் செறிவு என்று பெயர். 60 முதல் 95 சதவீதம் வரையிலான செறிவு நன்றாக வேலை செய்யும் எல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறைந்தது 60 இருக்கட்டும் என்கிறது. கடையில் கிடைக்காத ஊர்களில் அங்கேயே தயாரித்துக்கொள்வதற்காக உலக சுகாதார நிறுவனம் இரண்டு செய்முறைகளை வெளியிட்டிருக்கிறது. ஒன்றில் எத்தனால் 80 சதவீதம், மற்றதில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 75 சதவீதம். எத்தனால் என்பது மதுவில் இருக்கும் அதே ஆல்கஹால். ஐசோபுரொப்பைல் அதன் உறவுக்காரர், குடிக்கக்கூடாதவர். இரண்டு செய்முறையிலும் 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு, தோல் வறண்டு வெடிக்காமல் இருக்க. 0.125 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. இது கைக்காக அல்ல. பாட்டிலுக்குள்ளேயே ஏதாவது பாக்டீரியா வித்து தங்கியிருந்தால் அதை ஒழிக்க. கிருமிநாசினிக்கே கிருமிநாசினி போட வேண்டியிருக்கிறது என்பதை வைத்து ஏன் யாரும் மீம் போடவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வைரஸுக்குக் கொழுப்பு மேலுறை, புரத முள். ஆல்கஹால் இரண்டையும் கெடுக்கிறது. அதற்குத் தண்ணீரும் வேண்டும், 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹாலும் வேண்டும்.

குவார்ட்டர் ஜோக்

"வெளியில சானிடைசர், உள்ளார சரக்கு. கொரோனா எந்தப் பக்கம்டா வரும்?"

2020 மார்ச் 24 அன்று மாலை மூடிய டாஸ்மாக் கடைகள், வெளி மாவட்டங்களில் மே மாதமே திறந்தாலும், சென்னையில் ஆகஸ்ட் 18 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய ஐந்து மாதம். அந்த இடைவெளியில் இந்த ஜோக் எத்தனை உருவத்தில் சுற்றியது என்று கணக்கில்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் காய்ச்சும் ஆலைகளுக்கே சானிடைசர் தயாரிக்கவும் அனுமதி கொடுத்ததால், ஜோக்குக்குக் கொஞ்சம் நியாயமும் இருந்தது. மூலப்பொருள் ஒன்றுதான்.

செறிவுதான் ஒன்றல்ல. கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். பீர் ஒற்றை இலக்கம். குவார்ட்டரைக் கையில் ஊற்றித் தேய்த்தால் 60-ஐத் தொடவே தொடாது. ஆய்வகத்தில், குழாய்க்குள் கலந்து பார்த்தபோது இந்தக் கொரோனா வைரஸ் 30 சதவீத ஆல்கஹாலிலேயே செயலிழந்தது என்பது உண்மை. ஆனால் கை கண்ணாடிக் குழாய் அல்ல. வியர்வை இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், மேலே மின்விசிறி சுற்றும். 60 என்ற எல்லை இதற்கெல்லாம் இடம் விட்டு வைத்தது. அதே காரணத்துக்காக, பாட்டில் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி வைத்த கடைக்காரர்களும் குடியிருப்புச் சங்கங்களும் 70 சதவீதத்தை 35 ஆக்கிவிட்டுத்தான் வாசலில் வைத்தார்கள்.

சரி, உள்ளே போனால்? குடித்த ஆல்கஹால் உடம்பெங்கும் கலந்து நீர்த்துப்போகிறது. போக்குவரத்துப் போலீஸ் பிடிப்பதற்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் போதும், அதாவது 0.03 சதவீதம். 0.4 சதவீதத்தை நெருங்கினாலே மூச்சு நின்றுபோகும் ஆபத்து. ஆய்வகக் குழாயிலேயே வைரஸைக் கெடுக்க 30 வேண்டியிருந்தது. நடுவில் ஆள் இருக்க மாட்டார்.

இந்த ஜோக் நிஜத்தில் நடந்த இடமும் உண்டு. 2020 ஜூலை இறுதியில் ஆந்திராவில் பிரகாசம் மாவட்டத்துக் குரிச்சேடு என்ற ஊரில், மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் பல சானிடைசர் வகைகளில் மெத்தனால் கலந்திருப்பதைக் கண்டு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவற்றைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. மெத்தனால் பார்க்கவும் முகரவும் எத்தனால் போலவே இருக்கும் இன்னொரு ஆல்கஹால். உடம்புக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற சாராயத்தில் இருந்ததும் இதே மெத்தனால்தான்.

தீர்த்தம் வாங்குவது போல

ரங்கநாதன் தெரு கடை வாசல்களில் அந்த நாட்களில் பார்த்திருப்பீர்கள். செக்யூரிட்டி அண்ணன் ஒரு ஸ்பிரே பாட்டிலை நீட்டுவார். வருகிறவர் வலது கையைக் குழித்து நீட்டுவார். ஒரு "புஸ்". இரண்டு உள்ளங்கையையும் ஒரு தடவு, பழக்கதோஷத்தில் மீதியைத் தலையில் ஒரு தடவு, உள்ளே போய்விடுவார். பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிய கை, வேறு என்ன செய்யும்?

இதையும் எல்லோரும் கேலி செய்தார்கள். ஆனால் சானிடைசர் விஷயத்தில் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. எந்தப் பாட்டில், என்ன செறிவு என்பதைவிட எவ்வளவு ஊற்றினோம், எவ்வளவு நேரம் ஈரமாக இருந்தது என்பதில்தான் பெரும்பாலான பேர் கோட்டை விட்டோம்.

முட்டை வேக நேரம் எடுப்பதுபோல் புரதம் திரியவும் நேரம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 20 முதல் 30 வினாடி கேட்கிறது. அவ்வளவு நேரமும் கை ஈரமாக இருந்தாக வேண்டும்; காய்ந்த நொடியில் வேலையும் நின்றுவிடும். அவ்வளவு நேரம் ஈரம் நிற்க, கை நிறையக் குழித்து வாங்கும் அளவு வேண்டும். ஏறக்குறைய மூன்று மில்லி, அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் அதிகம். செக்யூரிட்டி அண்ணனின் ஒரு "புஸ்" அதில் சிறு பங்குகூட வராது.

கடிகாரம் பார்க்காமல் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. ஊற்றித் தேய்க்க ஆரம்பித்து, மனதுக்குள் பத்து எண்ணுவதற்குள் கை காய்ந்துவிட்டால் அளவு போதவில்லை. சித்திரை வெயிலில், ஃபேனுக்கு அடியில் நின்று தேய்த்தால் இன்னும் சீக்கிரம் காயும். அப்போது இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும்.

தேய்ப்பதிலும் ஒரு விஷயம். நாம் உள்ளங்கையை உள்ளங்கையோடு தேய்ப்பதில் மன்னர்கள். ஆனால் மூக்கைத் தொடுவதும் கண்ணைக் கசக்குவதும் விரல்நுனி. லிஃப்ட் பொத்தானை அழுத்துவதும் விரல்நுனிதான், அல்லது கட்டைவிரல். ஒளிரும் திரவத்தைத் தடவவிட்டு நீல விளக்கில் கையைக் காட்டச் சொல்லி மருத்துவமனைகளில் பயிற்சி கொடுப்பார்கள். விடுபட்ட இடங்கள் இருட்டாகத் தெரியும். பெரும்பாலும் கட்டைவிரலும் விரல்நுனிகளும் விரல் இடுக்குகளும்தான் இருட்டில் இருக்கும். தேவையான இடத்தை விட்டுவிட்டுத் தேவையில்லாத இடத்துக்கு இரண்டு முறை பூசிக்கொள்கிறோம்.

சுருக்கமாக: நிறைய ஊற்ற வேண்டும், விரல்நுனியிலிருந்து தொடங்க வேண்டும், தானாகக் காயும்வரை தேய்க்க வேண்டும். வேட்டியிலோ துப்பட்டாவிலோ துடைத்தால் ஊற்றியது வீண்.

இப்போது அந்த 0.1

விளம்பரங்களில் ஒரு பூதக்கண்ணாடி வரும், அதற்குள் பச்சைப் பச்சையாக நெளியும் கிருமிகள், ஒரு துடைப்பு, எல்லாம் போய் ஓரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் நிற்கும். அந்த ஒற்றைக் கிருமிதான் நம் ஜோக்கின் கதாநாயகன். நிறையப் பேர் 99.9 என்பதை இப்படித்தான் புரிந்துகொண்டார்கள்: உலகில் ஆயிரம் வகைக் கிருமி இருந்தால் 999 வகை சாகும், ஒரு வகைக்கு மட்டும் ஒன்றும் ஆகாது.

அந்த எண் வகையைப் பற்றியதே அல்ல. எண்ணிக்கையைப் பற்றியது. ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட கிருமியைப் பத்து லட்சம் எடுத்துக்கொண்டு, அதன்மேல் திரவத்தை ஊற்றி, குறித்த நேரம் கழித்து எண்ணினால் ஆயிரம் மிஞ்சியிருக்கிறது, அதுதான் 99.9 சதவீதம். நூறு மட்டும் மிஞ்சினால் 99.99. மிஞ்சியவை தனிச் சாதி அல்ல. சரியாக நனையாமல் தப்பித்த அதே சாதி. சோதனை நடந்தது நல்ல அளவு ஊற்றி, நேரம் கொடுத்து. கடை வாசல் "புஸ்"ஸுக்கு அந்த எண் பொருந்தாது.

ஜோக்கின் அடுத்த பாதி இன்னும் தலைகீழ். தப்பிக்கும் கிருமி கொரோனா என்றார்கள். சானிடைசரிடம் முதலில் விழும் வைரஸ்களில் ஒன்றே கொரோனாதான். காரணம் ஹெல்மெட்டில் பார்த்த அந்தக் கொழுப்பு மேலுறை. கவசம்போல் தோன்றினாலும் அதுதான் அதன் பலவீனம். ஆல்கஹாலுக்கும் சோப்புக்கும் கொழுப்பு என்றால் சுலபம். இன்ஃபுளூயன்சாவுக்கும் இதே கதி.

மேலுறை இல்லாத வைரஸ்கள்தான் கெட்டிக்காரர்கள். கரைப்பதற்குக் கொழுப்பு இல்லை. வெளியே இறுக்கமாகப் பின்னிய புரதக் கூடு மட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ வைரஸ், ஒரு வகை மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் ஆகியவை இந்த வகை. நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது: மெட்ராஸ் ஐ. அதற்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸுக்கும், சில சமயம் காரணமாகும் என்டரோ வைரஸுக்கும் மேலுறை கிடையாது. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்கக் கண்கள் சிவந்தபோது, கொரோனாவுக்கு வாங்கி மிச்சமிருந்த சானிடைசரை எடுத்துத் தடவிக்கொண்டவர்கள் உண்டு. அது முழு வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வைரஸ்களை மடக்க அதிகச் செறிவும் அதிக நேரமும் தேவை. அந்த நேரத்துக்கு நம்பிக்கையான ஆள் சோப்பு.

டெங்கு வைரஸுக்கு மேலுறை உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டு. ஆனால் கொசு கைகுலுக்கிவிட்டுக் கடிப்பதில்லை.

சோப்பு ஏன் ஜெயிக்கிறது

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரைப் பிடிக்கும். மற்றது கொழுப்பைப் பிடிக்கும். மேலுறை உள்ள வைரஸ் என்றால் கொழுப்பு முனைகள் உள்ளே நுழைந்து அதைப் பிய்த்துவிடும். மேலுறை இல்லாததென்றாலும் கவலையில்லை. கையிலிருக்கும் எண்ணெயோடும் அழுக்கோடும் சேர்த்து அதைப் பெயர்த்துக் குழாய்த் தண்ணீரில் அனுப்பிவிடும். கொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சாக்கடைக்குப் போனது உயிரோடு போனால் என்ன?

பிரியாணி சாப்பிட்ட கை, மீன் நறுக்கிய கை, பைக் செயினைத் தொட்ட கை இவற்றில் சானிடைசர் தடுமாறுவதும் இதனால்தான். பிசுக்குக்கு அடியில் இருக்கும் கிருமியை ஆல்கஹால் எட்டுவதில்லை. கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும் இதே சட்டம்.

அப்படியானால் சானிடைசர் எதற்கு? அதன் சொந்த ஊர் மருத்துவமனை வார்டு. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரைத் தொடுவதற்குள் கை சுத்தமாக வேண்டும். ஒரு ஷிஃப்டில் இது எத்தனையோ தடவை. ஒவ்வொரு முறையும் வாஷ்பேசின்வரை நடந்து, 40 முதல் 60 வினாடி கழுவி, துடைத்துத் திரும்பினால் நர்ஸுக்கு வேறு வேலையே நடக்காது. அங்கே கட்டில் காலில் தொங்கும் பாட்டில் உண்மையாகவே உயிர் காக்கிறது. பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் அதே நியாயம் கொஞ்சம் பொருந்தும். கையில் அழுக்கு தெரியவில்லை, குழாய் அருகில் இல்லை, சாப்பிட்டாக வேண்டும்.

வாசலில் காவல், உள்ளே ஏசி

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். கொரோனாவைப் பொறுத்தவரை சானிடைசருக்கு நாம் கொடுத்த முக்கியத்துவம் அதற்கு உரியதைவிட மிக அதிகம். சானிடைசர் மோசம் என்பதால் அல்ல. வைரஸ் பெரும்பாலும் கை வழியாக வரவில்லை என்பதால்.

பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து கிளம்பும் மிகச் சிறிய துளிகள் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும்; இவற்றுக்கு நுண்துளிகள் என்று பெயர். மூடிய அறையில் இவற்றைச் சுவாசிப்பதுதான் முக்கிய வழி என்பது போகப்போகத் தெளிவானது. வைரஸ் படிந்த ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு, ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. நம் இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. இங்கே பல கடைகளில் வாசலில் சானிடைசர், காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி, மூன்றடி உள்ளே கண்ணாடிக் கதவு சாத்திய ஏசி, மூக்குக்குக் கீழே மாஸ்க்.

முதல் மாதங்களில் பயப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. யாருக்கும் முழுதாகத் தெரியாத நேரம். லிஃப்ட்டில் தெர்மகோலில் குத்தி வைத்த பல்குச்சிகள், வாசலில் வெயிலில் காய்ந்த பால் பாக்கெட், சோப்பு நுரையில் குளித்த கத்திரிக்காய் எல்லாம் அந்தப் பயத்தின் பிள்ளைகள். ஆனால் சில வேடிக்கைகள் ஆபத்தானவை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். நடந்து போகிறவர்மேல் மருந்துப் புகைபோல் தெளிக்கும். பார்க்கப் பிரமாதமாக இருந்ததால் மற்ற ஊர்களும் ஆசைப்பட்டன. தெளித்தது ப்ளீச்சிங் பவுடரின் உறவான சோடியம் ஹைப்போகுளோரைட். தரைக்கு நல்லது, கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கேடு. அதே மாதத்திலேயே தமிழக சுகாதாரத் துறை வேண்டாம் என்றது. ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் மனிதர்கள்மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவித்தது. நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸைச் சட்டையின்மேல் தெளித்து எப்படிப் பிடிப்பது என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த லைக் குறைவு.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

2020 மார்ச்சில் சானிடைசர் அத்தியாவசியப் பொருளாகி, 200 மில்லி பாட்டில் 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விலைக்கட்டுப்பாடு கொண்டுவந்த காலம் போய்விட்டது. இப்போது பாட்டில் தாராளமாகக் கிடைக்கிறது. லேபிளைப் படிக்கத்தான் ஆள் இல்லை. கற்றாழை, வேம்பு, எலுமிச்சை வாசனை எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். தேட வேண்டியது சிறிய எழுத்தில்: எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ எத்தனை சதவீதம் என்று. அந்த எண் இல்லாத பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆல்கஹால் இல்லாதது என்று பெருமையாகப் போட்டவற்றில் பெரும்பாலும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற வேறு பொருள் இருக்கும். பாக்டீரியாவுக்குப் பரவாயில்லை, எல்லா வைரஸிடமும் ஆல்கஹால் அளவுக்கு நம்ப முடியாது. மூடி சரியாக மூடாத பழைய பாட்டிலில் ஆல்கஹால் ஆவியாகித் தண்ணீர் மிஞ்சியிருக்கும்.

ஆவியாகும் பொருள் எரியவும் செய்யும். சானிடைசர் தடவிய கை நன்றாகக் காயாமல் கேஸ் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தும் பிள்ளைகளுக்குத் தடவவே வேண்டாம், அன்றைக்குச் சோப்பு போதும். எரியும் ஆல்கஹாலின் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பது கூடுதல் ஆபத்து.

கடைகளில் காலால் மிதிக்கும் ஸ்டாண்ட் இன்னும் சிலது நிற்கிறது. பெரியவர்களின் இடுப்பு உயரம், குழந்தையின் முக உயரம். அம்மா மிதிக்க, பீய்ச்சியடிப்பது நேராகக் குழந்தையின் கண்ணில். 2020-இல் பிரான்சில் இப்படிக் கண்ணில் பட்டு வந்த குழந்தைகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு உயர்ந்ததாகக் கண் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப் பட்டுவிட்டால் கசக்க விடாமல், உடனே குழாய்த் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் கழுவி, அதன் பிறகு கண் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். குழந்தை அழும், அதற்காகப் பாதியில் நிறுத்தக் கூடாது.